நூறோடு வயதைக் கூட்டும் கணக்கு

என் பெரியப்பாவுக்கு அப்போது 68 வயது. கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயம். முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போன இடத்தில் பிரஷர் பார்த்திருக்கிறார்கள். மேல் அளவு 168. “நூறோட உங்க வயசைக் கூட்டிக்குங்க. சரியா வருதா? வயசுக்கு ஏத்த பிரஷர்தான், பயப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெரியப்பாவுக்கு அந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போனது. டீக்கடையில் சொன்னார், கோயில் திண்ணையில் சொன்னார், போனில் என்னிடமும் சொன்னார். மூன்று வருஷம் கழித்து ஒரு விடியற்காலையில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். அவர் நாக்கில் தங்கியிருந்தது இரண்டே சொல். அதில் ஒன்று பெரியம்மாவின் பெயர்.

அந்தக் கணக்கை அவருக்குச் சொன்னவர் தானாகக் கட்டிவிடவில்லை. ஒரு காலத்தில் உலகம் முழுக்க மருத்துவர்கள் நம்பியதுதான் அது. இத்தாலியில் ரிவா-ரோச்சி 1896-ல் கையில் பட்டை கட்டி அழுத்தம் அளக்கும் கருவியைச் செய்தார். ரஷ்யாவில் நிக்கோலாய் கொரோட்கோவ் 1905-ல், அந்தப் பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, ரத்தம் மறுபடி ஓடத் தொடங்கும் சத்தத்தைக் கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் குறிக்கும் வழியைக் கண்டார். எண் கையில் கிடைத்துவிட்டது. அதன் பொருள் விளங்க இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. முதுமையில் ரத்தக்குழாய்கள் தடித்துச் சுருங்குகின்றன, அவற்றின் வழியே ரத்தத்தைத் தள்ள உடம்புக்குக் கூடுதல் அழுத்தம் தேவை, அதைக் குறைத்தால் மூளை பட்டினி கிடக்கும் என்று நினைத்தார்கள். ‘எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்’ என்று மருத்துவச் சீட்டுகளில் இன்றும் எழுதப்படும் பெயரில் உள்ள ‘எசென்ஷியல்’ அந்த நம்பிக்கையின் எச்சம். அவசியமான அழுத்தம் என்று பொருள். 1931-ல்கூட பிரிட்டிஷ் மருத்துவப் பேராசிரியர் ஒருவர், பிரஷர் உள்ளவருக்குப் பெரிய ஆபத்தே அதை யாராவது கண்டுபிடித்துக் குறைக்கப் பார்ப்பதுதான் என்ற பொருள்பட எழுதினார்.

அந்த நம்பிக்கை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மருத்துவக் குறிப்புகளே சாட்சி. 1937-ல் 162/98. 1941-ல் 188/105. 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இதய மருத்துவர் பார்த்தபோது 186/108. இதயமும் பலவீனப்பட்டிருந்தது. அதிபரின் தலைமை மருத்துவரான மெக்கின்டயர் காது மூக்கு தொண்டை நிபுணர். 62 வயதைத் தாண்டிய மனிதருக்கு இதில் குறை சொல்ல அதிகம் இல்லை என்ற தொனியில் அவர் பத்திரிகையாளர்களிடம் பேசினார். அந்த நவம்பரில் 260/150. 1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரூஸ்வெல்ட், தலையின் பின்பக்கம் பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லி மயங்கினார். அப்போது எடுத்த அளவு 300/190. மூளையில் ரத்தக்கசிவு. எதிர்பாராத இடி என்றே மெக்கின்டயர் சொன்னார். எட்டு வருஷத்து எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் யாருக்கும் அப்படித் தோன்றாது. ஆனால் அன்று அந்த எண்ணைக் குறைக்க நல்ல மாத்திரை கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். புரூயன் உப்பைக் குறைத்தார், ஓய்வெடுக்கச் சொன்னார், இதயத்துக்கு டிஜிட்டாலிஸ் கொடுத்தார். அவரால் ஆனது அவ்வளவுதான். பெரியப்பாவின் காலத்தில் மாத்திரை இருந்தது, அதுவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக.

ரூஸ்வெல்ட் இறந்து மூன்று வருஷத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்து பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கியது. நல்ல உடம்போடு இருந்தவர்களை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பரிசோதித்து, யாருக்கு எப்போது என்ன வருகிறது என்று பொறுமையாகக் காத்திருந்து பார்த்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள்வரை அந்த ஆய்வு நீண்டிருக்கிறது. ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்று இன்று நாம் புழங்கும் சொல் அங்கிருந்துதான் பரவியது. 1970-களில் விடை தெளிவாகிவிட்டது. பக்கவாதத்துக்கான காரணங்களில் ரத்த அழுத்தமே முதலில் நிற்கிறது. வயதானவர்களிடமும் அப்படித்தான். கீழ் அளவு ஒழுங்காக இருந்து மேல் அளவு மட்டும் ஏறியிருந்தாலும் அப்படித்தான்.

மேல் அளவு மட்டும் ஏறுவது முதுமைக்கே உரிய விஷயம். இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி இளமையில் ரப்பர்போல இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் சற்று உப்பி, வந்த வேகத்தை வாங்கிக்கொண்டு, பிறகு சுருங்கி ரத்தத்தை மெதுவாக அனுப்பும். வயது ஏற ஏற அதன் சுவரில் உள்ள மீள்நார்கள் நைந்து, சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் புது ஓஸையும், பத்து வருஷம் வெயிலில் கிடந்த ஓஸையும் அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வேகத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் துடிப்பின் உச்சத்தில் மேல் அளவு எகிறுகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவில் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாததால் கீழ் அளவு இறங்குகிறது. 165/75 என்று சீட்டில் பார்த்து, “கீழ எழுபத்தஞ்சுதான், நல்லாயிருக்கு” என்று ஆறுதல்படும் பெரியவர்கள் ஏராளம். அந்த 75 என்பதும் குழாய் விறைத்துவிட்டதன் அடையாளம்தான்.

விறைத்த குழாயின் அடி கடைசியில் விழும் இடம் மூளை. மற்ற உறுப்புகளில் ரத்தக்குழாய்கள் மரக்கிளைபோலப் படிப்படியாகச் சிறுக்கும், அழுத்தமும் படிப்படியாகக் குறையும். மூளையின் ஆழத்துக்குப் போகும் சில குழாய்கள் அப்படியல்ல. பெரிய தமனியிலிருந்து நேர்செங்குத்தாக, மயிரிழை கனத்தில் பிரிகின்றன. மேல்நிலைத் தொட்டியின் மெயின் பைப்பில் நடுவே எந்த வால்வும் இல்லாமல் ஒரு மெல்லிய டியூபைச் சொருகியதுபோல. வருஷக்கணக்கில் அந்த அடியை வாங்கி அவற்றின் சுவர் தடித்து அடைபடும், அல்லது மெலிந்து வெடிக்கும். கை காலை இயக்கும் நரம்பிழைகள் எல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து இறங்குவதும் அந்த இடத்தில்தான். கனடாவில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மருத்துவர், இறந்தவர்களின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து இதை நிறுவினார். ஒரு பட்டாணி அளவு புண் போதும், ஒரு பக்கம் முழுக்க இழுத்துவிடும்.

இன்னும் சிறிய புண்கள் சத்தமே போடுவதில்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, பக்கவாதம் வந்ததாகவே தெரியாத ஐந்தில் ஒருவர் மூளையில் பழைய அடைப்பின் தழும்பு இருந்தது. அப்படித் தழும்பு இருந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு இருமடங்கு. “தாத்தாவுக்கு முன்ன மாதிரி ஞாபகம் இல்ல, நடையும் தளர்ந்துபோச்சு” என்று நாம் வயதின் தலையில் போடுவதில் ஒரு பங்கு இந்தப் புண்களுடையது.

ஆனால் வயதானவருக்கு அழுத்தத்தைக் குறைத்தால் நல்லதா, மயங்கி விழுவார்களா என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கும் விடை வந்துவிட்டது. 1991-ல் அமெரிக்காவில் 60 வயதுக்கு மேற்பட்ட, மேல் அளவு மட்டும் 160-க்கு மேல் இருந்த 4,736 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. பாதிப்பேருக்குச் சிறுநீரைப் பெருக்கும் ஒரு பழைய, மலிவான மாத்திரையிலிருந்து தொடங்கிச் சிகிச்சை. பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை. ஐந்து வருஷத்தில் வெற்று மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குப் பக்கவாதம் வந்தது. மருந்து எடுத்தவர்களில் ஐந்து பேருக்கு. 80 வயதைக் கடந்தவர்களுக்கு என்ன என்று கேட்டு நடந்த இன்னோர் ஆய்வு 2008-ல் வெளியானது. மருந்து எடுத்தவர்களிடம் பக்கவாத மரணம் 39 சதவீதமும் மொத்த மரணமே 21 சதவீதமும் குறைந்ததால், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை கொடுப்பது தர்மமல்ல என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று. நூறோடு வயதைக் கூட்டும் கணக்கு அத்தோடு செத்திருக்க வேண்டும். நம் ஊர்களில் இன்னும் சாகவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

தலை சுற்றி விழும் பயத்துக்கு வழி இருக்கிறது. மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும். உட்கார்ந்த நிலையில் அளந்த பிறகு, எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி ஒருமுறை அளக்க வேண்டும். நின்றதும் மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் சரிகிறவருக்கு மருந்தை யோசித்து மாற்ற வேண்டும். வயதானவருக்கு நிற்கவைத்து அளப்பதை நான் மிகச் சில இடங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நாடி. சித்த மருத்துவர்கள் மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் பார்த்தார்கள். அந்த வகைப்பாட்டை நவீன மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் அதே இடத்தில் அதே மூன்று விரலை வைத்து நவீன மருத்துவமும் ஒன்றைத் தேடுகிறது: துடிப்பு சீராக இருக்கிறதா, தாளம் தப்பித் தப்பி வருகிறதா. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலைக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இடது மேலறையில் சிறு பைபோல ஒரு மூலை உண்டு. ஓட்டமில்லாத குட்டையில் பாசி பிடிப்பதுபோல அந்த மூலையில் ரத்தம் தேங்கி உறையும். உறைந்த கட்டி ஒருநாள் கிளம்பி மூளைக்குப் போகும். பெரிய குழாயை அடைக்கும் என்பதால் இந்த வகைப் பக்கவாதம் கொடூரமானது. இந்த நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து ஐந்து மடங்கு என்று பிரேமிங்ஹாம் காட்டியது. ஐம்பதுகளில் வரும் பக்கவாதத்தில் இதன் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. எண்பதுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று.

நல்ல சேதி, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இந்த ஆபத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கிறது. அப்படியானால் எல்லா முதியவரையும் தேடிப்பிடித்து இ.சி.ஜி. எடுத்தால் என்ன? ஸ்வீடனில் 75, 76 வயதுக்காரர்களை அழைத்து, இரண்டு வாரம் தினமும் கட்டைவிரல்களை வைத்துப் பதிவு செய்யும் சிறு கருவியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவில் பலன் இருந்தது, ஆனால் சிறியது. அதே ஆண்டு டென்மார்க்கில் இன்னும் ஒரு படி மேலே போய், 70 முதல் 90 வயதுக்காரர்களின் மார்புத் தோலுக்கு அடியில் கருவியைப் பதித்து இதயத்தை இடைவிடாமல் கண்காணித்த ஆய்வும் வெளிவந்தது. ஃபிப்ரிலேஷன் மூன்று மடங்கு அதிகமாகப் பிடிபட்டது. பக்கவாதமோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சில நிமிஷம் வந்து போகும் நடுக்கம் எல்லாமே ஆபத்தானதல்ல என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். ஆகவே என் கட்சி எளிமையானது: 65-ஐக் கடந்தவர் எதற்காக மருத்துவரிடம் போனாலும் நாடியை அரை நிமிஷம் பிடித்துப் பார்க்க வேண்டும். தாளம் தப்பினால் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘ரத்தம் நீர்த்துப்போகட்டும்’ என்று தானாகவே தினம் ஓர் ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளும் பெரியவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் 70 வயதுக்கு மேற்பட்ட, இதய நோயோ பக்கவாதமோ வந்திராத 19,000 பேரிடம் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வு 2018-ல் முடிவு சொன்னது: நோய் தடுக்கப்படவில்லை, ரத்தக்கசிவு கூடியது. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்து மருத்துவர் எழுதிக்கொடுத்தவர்களின் கதை வேறு. அவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது.

மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்களில் கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேனையும் சேர்த்துவிடுகிறார்கள். அப்பா அம்மாவின் பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் பணம் கட்டி அனுப்பிவைக்கிறார்கள், பாசத்தோடுதான். அறிகுறியே இல்லாதவர்களுக்கு இந்த ஸ்கேன் வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2014-ல் சொல்லி, 2021-லும் அதையே உறுதிசெய்தது. இல்லாத அடைப்பு இருப்பதுபோல் தெரியலாம். அதைத் தொடரும் பரிசோதனையும் அறுவையுமே சிலருக்குப் பக்கவாதத்தைக் கொண்டுவரும். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல, மேல்கையில் கட்டும் பிரஷர் கருவி வாங்கி வீட்டில் வைக்கலாம். 32 நாடுகளில், கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் உள்ளிட்டோர் வழிநடத்திய இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வின்படி, உலகின் பக்கவாதங்களில் பத்தில் ஒன்பதுக்குப் பத்தே காரணங்கள். பிரஷர், சுகர், கொழுப்பு, புகை, குடி, தொப்பை, நடமாட்டமின்மை, சாப்பாடு, மனஅழுத்தம், இதயக் கோளாறு. எல்லாம் பிரஷர் கருவி, நாடி, டேப், தராசு, ரத்தச் சொட்டு, நாலு கேள்வி ஆகியவற்றில் பிடிபடுபவை.

பிடித்தால் மட்டும் போதுமா? அதற்கு ஜப்பானின் அகிட்டா மாநிலத்தைச் சொல்ல வேண்டும். வடகிழக்கில் பனி கொட்டும் நெல் வயல் பூமி. குளிர்காலம் முழுக்க உப்பில் ஊறிய காய்கறி, உப்பு மீன், மிசோ சூப். 1950-களில் அந்த வட்டாரத்தில் ஒரு மனிதர் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட உப்பு 27 கிராம் அளவில் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் வரம்பு 5 கிராம். உழைக்கும் வயதிலேயே ஆட்கள் சாய்ந்தார்கள். 1963 முதல் இக்காவா என்ற ஊரில் ஊர் முழுக்கப் பிரஷர் பார்த்தார்கள். உயர்ந்திருந்தவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. செவிலியர் வீடு தேடிப் போனார்கள், மருந்தை நிறுத்தியவரிடம் ஏன் என்று கேட்டார்கள், சமையலில் உப்பைக் குறைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இருபது வருஷத்தில் ஆண்களிடம் பக்கவாதம் 75 சதவீதம் குறைந்தது. அதே பகுதியில் இந்த ஏற்பாடு பெயரளவில் நடந்த இன்னோர் ஊரில் 29 சதவீதம். பெண்களிடம் இரண்டு ஊருக்கும் இடையே அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. வீடு தேடிப் போன அந்தச் செவிலியர்தான் இந்தக் கதையின் மையம் என்று நான் நினைக்கிறேன்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்கள் அல்லது பிரஷர் உள்ள முதியவர்களின் வீடுகளில் பாதிக்கு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். வேறொன்றும் மாற்றவில்லை. ஐந்து வருஷத்தில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. நம் தட்டில் கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் என்று உப்பு வேறு வேறு வேஷத்தில் வந்து உட்காருகிறது. நாக்கு மரத்துப்போன வயதில் இன்னும் கொஞ்சம் கேட்கிறது.

தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். மறு ஆண்டு ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்த எண்ணிக்கையைக் கூட்டுவதற்கான முயற்சி. தன்னார்வலப் பெண்கள் வீட்டுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். இக்காவா செவிலியர் நடந்த பாதை அது. அளக்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும். ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், சிறுநீர் கழித்திருக்க வேண்டும். கை மேஜைமேல் நெஞ்சின் உயரத்தில் இருக்க வேண்டும். தொங்கவிட்டால் ஆறு புள்ளிக்கு மேல் கூடக் காட்டும் என்று 2024-ல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு அதற்குக் கீழே பட்டை கட்டுவதும் தப்பு. வீட்டில் எடுக்கும்போது சராசரி 135/85-ஐத் தாண்டினால் அதிகம் என்று கொள்ள வேண்டும்.

பெரியப்பா விழுவதற்குப் பத்து நாள் முன்னால் நடந்த ஒன்றைப் பெரியம்மா வெகுகாலம் கழித்துத்தான் சொன்னார். காலையில் காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கப் போனால் விரல் மடங்கவில்லை, வாய் குழறியது. பதினைந்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. பெரியம்மா உப்பு மிளகாய் சுற்றித் திருஷ்டி கழித்தார். அவர் வயலுக்குப் போய்விட்டார்.

அது மினி ஸ்ட்ரோக். அடைத்த கட்டி தானாகக் கரைந்துவிட்டது. இப்படி வந்து போனவர்களில் பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்தில் முழுப் பக்கவாதம் வரும் என்றும், அதில் பாதி முதல் இரண்டு நாளிலேயே வரும் என்றும் 2000-ல் வந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆக்ஸ்போர்டில் பீட்டர் ராத்வெல் குழுவினர், இத்தகையவர்களை அன்றே பார்த்து அன்றே மருந்து தொடங்கினார்கள். ஆபத்து 80 சதவீதம் குறைந்தது. 2007-ல் வந்த முடிவு அது. புதிய மருந்து எதுவும் இல்லை, ஏற்கெனவே இருந்ததை உடனே கொடுத்தார்கள். முகம் கோணினாலும், கை தூக்க வராவிட்டாலும், பேச்சு குழறினாலும், ஐந்தே நிமிஷத்தில் சரியாகிவிட்டாலும், 108-ஐ அழைக்க வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குக் கெடு நாலரை மணி நேரம். பெரிய அடைப்பைக் கம்பி விட்டு எடுக்கும் சிகிச்சைக்குத் தகுந்த சிலருக்கு 24 மணி நேரம்வரை. பெரியப்பா விழுந்த அன்று புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று யாரோ சொல்லி, புறாவைத் தேடி ஒருவர் சைக்கிளில் போனார். புறா கிடைத்தது. அதற்குள் வெயில் ஏறிவிட்டிருந்தது.

பெரியம்மாவுக்கு இப்போது 81. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எண்களை எழுதிவைக்கிறார். போன மாதம் அங்கே 172 என்று ஒரு வரி. மாதாமாதம் வரும் தன்னார்வலப் பெண் நோட்டைப் புரட்டிப் பார்த்து, “என்ன பாட்டி, மாத்திரை போடலியா?” என்று கேட்டிருக்கிறாள். பேத்தி கல்யாணத்துக்கு ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அன்றே கொடுத்துவிட்டுப் போனவள், இரண்டு வாரத்தில் முறை இல்லாத நாளில் மறுபடி வந்து அளந்திருக்கிறாள். 144. அதற்குக் கீழே பெரியம்மா அடுத்த தேதியை மட்டும் எழுதி, பக்கத்தில் இடம் விட்டுவைத்திருக்கிறார்.